படிக்கட்டில் குடியிருந்தவர்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான் மேகத்தில் வீடு கட்டிப் பார்த்தவரில்லை. பார்த்திருந்தால் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டார்.

சின்னவள் மேகத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, காதோரம் நரைத்தும்விட்டது. ஆனாலும் ஓர் அக்காவுக்குத் தங்கையாகப் பிறந்தவள் கடைசிவரை சின்னவள்தான். மூன்று ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களை ஒரே சர்வரில் குடிவைப்பது அவளுக்கு இடப்பட்ட வேலை. அந்தச் சர்வர் எங்கோ தொலைவில், இந்த ஆபீஸில் ஒருவரும் நேரில் பார்த்திராத குளிர்ந்த கட்டடம் ஒன்றில் இருந்தது. பார்க்காததை மேகம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது அல்லவா, அதனால் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆற்றங்கரை ஆஸ்பத்திரி, பிரசவ ஆஸ்பத்திரி, கண் ஆஸ்பத்திரி என்று மூன்று குடித்தனம். கூரை ஒன்று, அஸ்திவாரம் ஒன்று. ஆனால் ஒரு வீட்டு மூச்சு அடுத்த வீட்டில் கேட்கக் கூடாது. பிரசவ ஆஸ்பத்திரியில் யார் யார் தனியாக வந்து சேர்ந்தார்கள் என்பது கண் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதற்கு?

“இது அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தனம்தானே மேடம்,” என்றார் தாடி. தாடி அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர். அவளோடு சேர்ந்து சுவர் எழுப்புகிறவர். முகத்தில் பாதியை மயிருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

“அதுல குளியலறை பொது. இதுல அதுவும் தனி,” என்றாள் சின்னவள்.

“அப்ப சண்டையே வராதா?”

“வராம இருக்கத்தான் நமக்குச் சம்பளம்.”

இதற்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார். தலைமைத் தொலைநோக்கு அதிகாரி என்று அவருடைய அட்டையில் அச்சடித்திருந்தது. ஆபீஸில் சுருக்கமாகத் தொலைநோக்கு. பக்கத்தில் இருப்பதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எந்நேரமும் நெற்றிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அதை மேசையில் தேடுவதில் தினமும் அவருக்கு நல்ல நேரம் கொஞ்சம் போகும்.

புது வீட்டின் சட்டம் எளிமையானது. சர்வருக்கு வருகிற ஒவ்வொரு தகவலும் தான் எந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதியிருந்தால் அந்த வீட்டுக் கதவு திறக்கும், மற்ற இரண்டும் திறக்காது. சரி, நெற்றியில் ஒன்றும் எழுதாமல் ஒன்று வந்து நின்றால்? இந்தக் கேள்வியைச் சின்னவள் ஒரு கூட்டத்தில் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய கூட்டம். எல்லோர் கண்ணிலும் சோறு மிதந்துகொண்டிருந்தது.

“திருப்பி அனுப்பிடலாம் சார். அனுப்பினவங்களுக்குத் தப்புன்னு தெரிஞ்சிடும்,” என்றாள்.

தொலைநோக்கு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “திருப்பி அனுப்புறதா? நம்ம வாசலுக்கு வந்தவங்களை இல்லைன்னு சொல்லி அனுப்புறதா? நம்ம நிறுவனத்துல அந்தச் சொல்லே கிடையாதும்மா. வர்றது வரட்டும். வாங்கி வைங்க. கிடைச்சதுன்னு சிரிச்ச முகமா பதில் சொல்லுங்க.”

“வாங்கி எங்க சார் வைக்கிறது?”

“பொதுவா ஒரு இடத்துல வைங்க.”

“அதை யார் சார் பார்ப்பாங்க?”

“பார்க்கிறவங்க பார்ப்பாங்க,” என்றார். ஆழமான கருத்து மாதிரி இருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னவளும் ஆட்டினாள். கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு வரி எழுதினாள்: பெயரில்லாமல் வருவதைப் பொது அறையில் வை, கிடைத்தது என்று பச்சை டிக் காட்டு. ஒரு வரிதான். கொட்டாவி அதைவிட நீளம்.

மூன்று ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொன்றாகப் புது வீட்டுக்குக் குடிவந்தன. வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று தொலைநோக்கு நாள் குறித்தார். குடிவந்தபின் திறப்பு விழா எதற்கு என்று கேட்கக் கூடாது. அவர் தொலைவில் பார்ப்பவர்.

*

பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் தெருவில் இறங்கினார்கள். அவள் குரலைக் கேட்டு அடுத்த தெரு வண்டிகளும் பிரேக் போட்டதாக அத்தான் சொல்வார். அந்தக் குரல் சில மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. பிறகு கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. அத்தான் தினமும் போன் செய்தார். தினமும் ஒரே பதில்.

அன்று காலை ஆபீஸ் போகிற வழியில் சின்னவள் அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். பெரியவள் நின்றபடியே தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பனியா மழையா என்று தெரியாத ஒரு வெள்ளை, ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரியில என்னக்கா சொன்னாங்க?”

“ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டலையாம். காட்டலைன்னா நல்லதுதானே? கெட்ட சேதின்னா இந்நேரம் ஓடி வந்திருக்கும். அதுக்குத்தான் கால் இருக்கு.”

“அப்படியில்லக்கா. லேட்டாகும் சில சமயம்.”

“நீதானே அங்க எல்லாத்தையும் பூட்டிப் பூட்டி வைக்கிறே? ஒரு எட்டு உள்ள எட்டிப் பாரேன்.”

“பார்க்கக் கூடாதுக்கா.”

“ஆமாமா. தெருவுல போறவன் வர்றவன் நாடித்துடிப்பெல்லாம் கையில வச்சிருக்கா, கூடப் பிறந்தவளோடது மட்டும் ஆகாதாம்.”

“யாரோடதையும் நான் பார்க்கிறதில்லக்கா. கதவு சரியா பூட்டியிருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன்.”

“வாட்ச்மேன்னு சொல்லு. அதுக்கா கண்ணு கெட்டுப்போற அளவுக்குப் படிச்சே?”

உள்ளே சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அத்தான், “அவளை விடும்மா, வேலைக்குப் போற நேரத்துல,” என்றார்.

“நான் பிடிச்சா வச்சிருக்கேன்? கதவு திறந்துதான் இருக்கு. பூட்டினாளான்னு அவளையே பார்க்கச் சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தங்கை செருப்பைப் போடக் குனிந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலால் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குமுன் கியரை ஒருமுறை ஆட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. சின்னவள் குனிந்த தலையை நிமிர்த்தாமலே அதைப் பார்த்தாள்.

*

சின்னவளுக்கு ஒரு திறமை உண்டு. கண்ணைத் திறந்தபடி தூங்குவாள். சாப்பாட்டுக்குப் பிறகு, கை கீபோர்டில் இருக்கும், முகம் திரைக்கு நேராக இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். பார்க்கிறவர்கள் ஆழ்ந்த சிந்தனை என்று நினைத்து அடி மேல் அடி வைத்து நடப்பார்கள். இந்தப் பழக்கத்தால் அவளுக்கு ஒருமுறை பதவி உயர்வுகூடக் கிடைத்தது.

அன்று மத்தியானம் ஏசி எங்கோ தூரத்தில் கடல் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை, வெள்ளைதான் இருந்தது. திரையில் எழுத்துகள் எறும்பு போல ஊர்ந்தன, பிறகு வரிசையைக் கலைத்துக்கொண்டு எங்கெங்கோ போயின. அவளும் அவற்றின் பின்னால் போனாள்.

போன இடம் ஒரு வீடு. அவள் கட்டிய வீடு. சுவரெல்லாம் நீர்த்துளியால் ஆனது போல ஈரமாக மினுங்கியது. தொட்டால் கை உள்ளே போகும் என்று தோன்றியது, தொட்டால் கல்லாக இருந்தது. மூன்று கதவு. முதல் கதவில் காதை வைத்தாள். உள்ளே ஆறு ஓடுகிற சத்தம், இருமல், தட்டு கழுவுகிற சத்தம். இரண்டாவதில் பிறந்த குழந்தைகள் முறை வைத்துக்கொண்டு அழுதன. ஒன்று நிறுத்தினால்தான் மற்றது தொடங்கியது. மூன்றாவது கதவுக்குப் பின்னால் யாரோ பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துவரை சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவுச் சத்தம் மற்றதில் கேட்கவில்லை. சின்னவளுக்குப் பெருமை பொங்கியது. கட்டினால் இப்படியல்லவா கட்ட வேண்டும் என்று தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளத் திரும்பினாள்.

திரும்பினால் படிக்கட்டு.

படிக்கட்டு கட்டியதாக அவளுக்கு ஞாபகமில்லை. அது கீழே போய்க்கொண்டே இருந்தது, கண்ணுக்கெட்டியவரை. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவசரத்தில் கிளம்பி வந்தவர்கள் மாதிரி சிலர் வீட்டுச் செருப்போடு இருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, பெரிய வயிற்றோடு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொருவர் மடியிலும் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை, யாரும் கோபமாக இல்லை. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்த வீட்டுக்கு வந்தீங்க?” என்று கேட்டாள்.

“சொல்லலையே,” என்றார் முதல் படியில் இருந்தவர். “வாங்க வாங்கன்னு சிரிச்சாங்க. வந்துட்டோம்.”

“ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்களா?”

“நேரமெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும் போல,” என்றார் அவர், குறையாகச் சொல்லாமல், தகவலாக.

அவள் இறங்கினாள். இறங்க இறங்க முகங்கள். ஒரு படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துண்டைச் சுற்றி, மடியில் உறையை வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்ப்பது மாதிரி தங்கையைப் பார்த்தாள்.

“உன் வீடாடி இது?” என்றாள் பெரியவள். “ஜோராத்தான் கட்டியிருக்கே. உட்காரத்தான் இடமில்ல.”

சின்னவள் விழித்துக்கொண்டாள். அதாவது, திறந்திருந்த கண்ணுக்குள் திரும்பி வந்தாள்.

கனவில் தெய்வம் வந்து விடை சொன்னது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். உண்மையில், பல நாளாக மூளையின் மூலையில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று, முதலாளிகளின் பேச்சு காதில் விழாத ஒரு மணி நேரம் கிடைத்ததும் எழுந்து வந்தது. அவ்வளவுதான். அவள் பொது அறையைத் திறந்து, பெயர் எதையும் பார்க்காமல், உள்ளே எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். காலியாக இருக்க வேண்டிய அறை. திரை யோசிக்காமல் பதில் சொன்னது. ஆயிரத்துச் சொச்சம்.

“தாடி,” என்றாள்.

“தூக்கம் கலைஞ்சுதா மேடம்?”

“இங்க வாங்க. இதெல்லாம் எங்கிருந்து வந்திருக்கு பாருங்க.”

தாடி குனிந்து பார்த்தார். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன. மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் ரத்தமும் சதையும் பரிசோதித்துக் கொடுக்கிற ஒரே லேப்.

புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. முன்பு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனிச் சர்வர், தனி முகவரி. லேப் அந்தந்த முகவரிக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரியின் பெயரைத் தனியாக எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. இப்போது மூன்று முகவரியும் ஒன்றாகிவிட்டது. லேப் பழைய பழக்கத்தில் பெயரில்லாமல் அனுப்பியது. சர்வர் சிரித்த முகமாக வாங்கி, பச்சை டிக் காட்டி, பொது அறையில் போட்டது. அந்த அறையைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்கும் சாவி கிடையாது. அனுப்பியாயிற்று என்று லேப் நிம்மதியாக இருந்தது. வரவில்லை என்று ஆஸ்பத்திரி நிம்மதியாக இருந்தது. நடுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர், ஒன்றுமில்லை போல என்று நிம்மதியாக இருந்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். இங்கே மூன்று பூனைகள், ஒன்றுக்கொன்று தெரியாமல்.

“எடுத்து அந்தந்த வீட்டுல போட்டுட்டா முடிஞ்சுது,” என்றார் தாடி.

“எந்த வீட்டுலன்னு எப்படித் தெரியும்? நோயாளி நம்பரும் பேரும் மட்டும்தான் இருக்கு. மூணு ஆஸ்பத்திரியும் தனித்தனியா ஒண்ணுல இருந்து நம்பர் போட்டிருக்காங்க. ஒரே நம்பர்ல மூணு பேர் இருக்காங்க. பேரும் அங்கங்க ஒரே பேரா இருக்கும். மாத்திப் போட்டா, ஒருத்தி சர்க்கரைக்கு இன்னொருத்தி மருந்து சாப்பிடுவா.”

“அப்ப லேப்லதான் கேக்கணும். ரத்தமும் சதையும் எந்த ஆஸ்பத்திரிப் பெட்டியில வந்ததுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்காரங்களும் உட்கார்ந்து சரிபார்க்கணும்.” தாடி தாடியைச் சொறிந்தார். “அதாவது, எல்லார்கிட்டயும் சொல்லணும்.”

“ஆமா.”

“வெள்ளிக்கிழமை விழாவுக்கு முன்னாடி.”

“ஆமா.”

“நான் தேநீர் குடிச்சிட்டு வரேன் மேடம்,” என்று போய்விட்டார். நல்ல மனிதர், தைரியத்துக்கும் தாடிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு எடுத்துக்காட்டு.

சின்னவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே வெள்ளை இன்னும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அக்காவின் உறை இந்த அறைக்குள்தான் இருக்கிறது. கட்டியவளிடம் எல்லா அறைக்கும் சாவி உண்டு. பெயரைத் தட்டினால் போதும். முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாள். விரல்கள் கீபோர்டில் கிடந்தன, வேறு யாருடையவையோ மாதிரி. பிறகு அந்த இரண்டு எழுத்தையும் அழித்தாள்.

கொள்கைக்காக அழித்தாள் என்று சொன்னால் அவளுக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் கொள்கையும் பயமும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிபவை. திறந்து படித்துவிட்டால், போனை எடுத்து அக்காவிடம் சொல்ல வேண்டியவள் அவள்தான். இன்று அந்தச் சட்டைக்குள் இருந்தது யார் என்று அவள் நின்று பார்க்கவில்லை. எழுந்து தொலைநோக்கின் அறைக்குப் போனாள்.

*

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்க மேகப் படம். தொலைநோக்கு அதன் முன்னால் நின்று வெள்ளிக்கிழமைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லைகளற்ற வானத்தில், எல்லைகளோடு கூடிய பாதுகாப்பை...”

“சார், லேப் ரிப்போர்ட்டெல்லாம் உள்ள போகல. படிக்கட்டுல உட்கார்ந்திருக்கு.”

“எந்தப் படிக்கட்டு? லிஃப்ட் வேலை செய்யுதே.”

சின்னவள் கனவைக் கழித்துவிட்டு மறுபடி சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கும்போது முகத்தில் ஒரு கனிவைக் கொண்டுவரத் தெரிந்தவர்.

“பச்சை டிக் வருதுதானே?”

“வருது சார். அதான் பிரச்சினை.”

“பச்சை எப்படிம்மா பிரச்சினையாகும்? சிவப்புதானே பிரச்சினை. நீங்க ரொம்பக் கிட்ட நின்னு பார்க்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. மூணு ஆஸ்பத்திரித் தலைவர்களும் வெள்ளிக்கிழமை மேடையில உட்காரப் போறாங்க. இப்பப் போய், உங்க ரிப்போர்ட்டை எங்க வச்சோம்னு தெரியலைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? திங்கட்கிழமை சொல்லிக்கலாம்.”

“அதுல ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவங்க இருக்காங்க சார்.”

“காத்திருக்கிறவங்க எப்பவும் இருப்பாங்கம்மா.”

அவள் போகாமல் நின்றாள். தொலைநோக்கு அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

“உங்க வீட்டுல யாராவது இருக்காங்களா அதுல?”

“அக்கா.”

“அடடா.” உண்மையாகவே வருந்தினார். குரலைத் தாழ்த்தினார். “முதல்லயே சொல்லியிருக்கலாமே. அவங்களுது ஒண்ணை மட்டும் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. நான் ஒண்ணும் கேட்கல, நீங்க ஒண்ணும் சொல்லல. சரிதானே?”

ஒரு கணம் சின்னவளுக்கு அறை கரைந்தது. சுவர் மேகம் கீழே இறங்கி அவள் கணுக்காலைச் சுற்றியது. அக்கா எழுந்துகொள்கிறாள், துண்டைச் சரிசெய்துகொண்டு, உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வருகிறாள். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் காலை ஒதுக்கி வழி விடுகிறார்கள். வயிற்றுக்காரப் பெண்ணும் ஒதுங்குகிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலை.

“சரி சார்,” என்றாள் சின்னவள்.

“நல்லது. இப்ப சொல்லுங்க, ‘எல்லைகளோடு கூடிய’ நல்லாருக்கா, ‘எல்லைகள் கொண்ட’ நல்லாருக்கா?”

“எப்படிச் சொன்னாலும் ஒண்ணுதான் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மேசைக்கு வந்து, ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிய அந்த வரியைத் தேடி எடுத்தாள். அதை மாற்றும் உரிமை அவளுக்கு இருந்தது. அது அவளுடைய வேலை. ‘பொது அறையில் வை’ என்பதை அழித்து, ‘திருப்பி அனுப்பு’ என்று எழுதினாள். இந்த முறை கொட்டாவி வரவில்லை.

தேநீர் குடித்துத் திரும்பிய தாடி பார்த்துவிட்டு அப்படியே நின்றார். “மேடம். லேப்ல இப்ப எல்லாம் சிவப்பா எரியுமே.”

“எரியட்டும்.”

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. லேப் பொறுப்பாளர் அம்மா. வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தாழ்ந்த குரலில் பேசியிராதவர்.

“என்னங்க இது, அனுப்புறது எல்லாம் திரும்பி வருது? காலையில வரைக்கும் பச்சையா இருந்துச்சே!”

“பச்சையா இருந்ததுதாங்க பொய். இப்பதான் நிஜம் வருது. நீங்க ஆஸ்பத்திரி பேரை எழுதி அனுப்பணும்.”

“அதை எங்கிட்ட யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எங்க தப்பு.”

“அப்ப இத்தனை நாளா அனுப்பினதெல்லாம்?”

“எங்ககிட்டதான் இருக்கு. ஆனா எந்த ஆஸ்பத்திரியும் பார்க்கல.”

“ஒண்ணுமா பார்க்கல?”

“ஒண்ணும்.”

அந்த அம்மா மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. “நான் மூணு ஆஸ்பத்திரிக்கும் இப்பவே போன் பண்றேன். யாரு சொன்னான்னு கேட்டா?”

“என் பேரைச் சொல்லுங்க.”

*

தொலைநோக்கு ஓடி வந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து சரிந்து மூக்கின்மேல் நின்றிருந்தது. அதனால் சின்னவளின் முகத்தை, இத்தனை வருடத்தில் முதன்முறையாக, தெளிவாகப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஆற்றங்கரை ஆஸ்பத்திரித் தலைவர். தொலைநோக்கு எடுத்தார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

“ஆமாங்க. ஆமாங்க. நாங்கதான் கண்டுபிடிச்சோம். எங்க கண்காணிப்பு எவ்வளவு விழிப்பா இருக்குங்கிறதுக்கு இதுவே...” என்று பேசிக்கொண்டே அறைக்குத் திரும்பினார். கதவைச் சாத்தும்போது அவர் நடையில் மிடுக்குகூட வந்திருந்தது. விழுந்த இடத்திலேயே மேடை போடத் தெரிந்தவர்.

அன்றும் மறுநாளும் லேப்காரர்கள் எந்தப் பெட்டியில் எது வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்; ஆஸ்பத்திரிக்காரர்கள் சரிபார்த்தார்கள்; சின்னவளும் தாடியும் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர் எழுதி உள்ளே அனுப்பினார்கள். ஆற்றங்கரை ஆஸ்பத்திரியுடையதைத் தாடி பார்க்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்தான்.

அறையில் மிச்சமிருந்த எண் குறைந்துகொண்டே வந்தது. மத்தியானம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் கனவு வந்தது. தூக்கத்துக்குக் காத்திராமல், எண்களின் ஓரத்தில். படிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வயிற்றுக்காரப் பெண் எழுந்து, இரண்டாவது கதவுக்குள் போனாள்; உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தைகள் ஒரு நொடி நிறுத்தி யார் என்று பார்த்தன. வீட்டுச் செருப்பின் சத்தம் மேலே ஏறிப் போனது. கடைசியில் படிக்கட்டும் மெல்லியதாகி, ஈரமாகி, இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை விழாவும் நடந்தது. மூன்று தலைவர்களும் சேர்ந்து ஒரு பெரிய பொத்தானை அழுத்தினார்கள். அது எதனோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. மேசைக்கடியில் உட்கார்ந்திருந்த தாடி சரியான நேரத்தில் ஒரு விளக்கை எரியவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். “ஒரே ஒரு ரிப்போர்ட்டைக்கூட அநாதையாக விடமாட்டோம்,” என்றார் தொலைநோக்கு. அந்த வரி அப்போதுதான் தோன்றியது போலிருக்கிறது. கண்ணில் நீர்கூடத் தளும்பியது.

சின்னவள் கை தட்டவில்லை. மடியில் போன் அதிர்ந்தது. அக்கா.

“கீழ நிக்கிறேன். இறங்கி வா.”

*

பெரியவளின் வண்டி வாசலுக்கு எதிரே நின்றிருந்தது. கூரையில் ‘கற்பவர்’ என்ற பலகை. தூறல் கண்ணாடியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே யோசித்துக்கொண்டு நின்றது. சின்னவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“டாக்டர் கூப்பிட்டாரு,” என்றாள் பெரியவள். முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள். “கெட்டதுதானாம். எடுத்துடணுமாம். எடுத்துட்டா சரியாயிடும், பயப்படாதீங்கன்னாரு. நேரமாகலையாம். இன்னும் ரெண்டு மூணு மாசம் சும்மா இருந்திருந்தா வேற பேச்சுன்னாரு. நான் சும்மா இருக்கிறதாத்தான் இருந்தேன். வரலைன்னா ஒண்ணுமில்லன்னு.”

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். பெரியவள் பிடிக்க விட்டாள்.

“ஏதோ கம்ப்யூட்டர் கோளாறாம். யாரோ கண்டுபிடிச்சு எல்லாரோடதையும் எடுத்துக் கொடுத்தாங்களாம். நர்ஸ் சொல்லிச்சு. நீயா?”

“ஆமா.”

“தெரிஞ்ச உடனே என்னோடதைப் பார்த்தியா?”

“இல்லக்கா.”

“கையில சாவி இருந்துதா?”

“இருந்துது.”

“நானா இருந்தா பார்த்திருப்பேன்,” என்றாள் பெரியவள். கையை இழுத்துக்கொண்டாள். “உன் சட்டம் திட்டமெல்லாம் எனக்கு வேண்டாம். ராத்திரி எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிட்டு இருந்தேன் தெரியுமா? உங்க அத்தான் தூங்குற மாதிரி நடிச்சிட்டு இருப்பாரு.”

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

“அந்தக் கோளாறு,” என்றாள் சின்னவள், “நான் எழுதினதுதான்க்கா. பேரில்லாம வர்றதைத் திருப்பி அனுப்பணும்னு எனக்குத் தெரியும். வாங்கி வைன்னு சொன்னாங்க. சரின்னு எழுதிட்டேன். ஒரு வரி.”

பெரியவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. கீழ்ப் பாதி மட்டும் தெருவில் நின்று நனைந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து மைக்கின் குரல் மங்கலாக வந்தது. எல்லைகள், வானம், ஏதோ.

“தூங்கிட்டே எழுதினியா?”

“கொட்டாவி விட்டுட்டு.”

“மூதேவி,” என்றாள் பெரியவள். குரல் பாதியில் உடைந்தது. அது கட்டியாலா வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். தூறலில் வண்டியைச் சுற்றி வந்து, தங்கையின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “நகரு அந்தப் பக்கம்.”

“எங்க?”

“ஸ்டியரிங்குக்கு. ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் நான் பேசக் கூடாதாம், ஓட்டவும் கூடாதாம். உங்க அத்தானை நம்பி ஏறினா நேரா ஆஸ்பத்திரிக்கே திரும்ப வேண்டியதுதான். தொண்டை இருக்கும்போதே உனக்குக் கத்துக் கொடுத்துடறேன்.”

“எனக்குப் பயமாயிருக்குக்கா.”

“எனக்கு மட்டும் என்ன? நகரு.”

சின்னவள் நகர்ந்தாள். பெரியவள் நனைந்த தோளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, கற்றுக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் வைத்திருந்த பிரேக்கின்மேல் காலை வைத்தாள்.

“கண்ணைத் திறந்து வச்சா மட்டும் போதாது,” என்றாள். “பார்க்கணும். இப்ப மெதுவா விடு. மெதுவா. மெதுவான்னு சொன்னேன்!”

அடுத்த தெருவில் ஒரு வண்டி பிரேக் போட்டது.